தூசி தெரிய இருட்டு வேண்டும்

தெருவிளக்குகளைத் தேர்வு செய்யும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். இரவு வானத்தைப் படமெடுப்பது எனக்குத் தொழில் இல்லை, ஆசை. ஒரு சிறிய தொலைநோக்கி, ஒரு கேமரா, வானம் நகரும் வேகத்துக்கே மெல்லத் திரும்பும் ஒரு மவுண்ட். இவ்வளவுதான் என்னிடம் இருப்பவை. கொஞ்ச காலமாக ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறேன். செபியஸ் விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 7023. ஐரிஸ் நெபுலா என்றும் சொல்வார்கள். நெபுலா என்றால் விண்வெளியில் தூசியும் வாயுவும் கலந்த மேகமூட்டம். 1794-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் கண்டது, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

நடுவில் ஒரு சூடான இளம் விண்மீன். அதைச் சுற்றி நீல இதழ்கள் விரிந்தது போல ஒளி. அந்த நீலம் ஒரே இரவில் கிடைத்துவிடும். அதற்கு வெளியே, நாலாபுறமும் பழுப்பும் சாம்பலுமாகப் புகை போலப் பரவிக் கிடக்கிற தூசிதான் கிடைப்பதில்லை. எனக்கு வேண்டியது அந்தத் தூசி. விண்மீன்கள் பிறப்பது இப்படிப்பட்ட தூசியும் வாயுவும் கலந்த மேகங்களுக்குள்தான். அதன் ஒரு மடிப்பு திரையில் முதல்முறை தெரியும்போது வரும் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? அந்தத் தூசிக்கும் உங்கள் அடுத்த விளக்குக் கொள்முதலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

நகர வெளிச்சம் பற்றிக் குறைப்பட்டால், "ஃபில்டர் போட்டு எடுக்கலாமே" என்பார்கள். பாதி சரி. சில நெபுலாக்கள் தாமே ஒளிர்பவை. ஹைட்ரஜன் என்றால் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலைநீளம்) ஒரு சிவப்புக் கோடு, ஆக்சிஜன் என்றால் 501 நானோமீட்டரை ஒட்டி ஒரு கோடு. அந்த மெல்லிய கோட்டை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் இருந்தால் நகரத்தின் நடுவில் நின்றும் அவற்றைப் படமெடுக்கலாம். தூசிக்கு அந்த வசதி இல்லை. 1912-இல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர், கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் மெரோப்பி என்ற விண்மீனைச் சுற்றியுள்ள மூட்டத்தின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, பதிவு செய்தார். அது பக்கத்து விண்மீனின் நிறமாலையைப் போலவே இருந்தது. அதாவது, அந்த மூட்டத்துக்குச் சொந்த ஒளி இல்லை. விண்மீனின் ஒளியைத் தூசி திருப்பி அனுப்புகிறது. விண்மீன் ஒளியில் எல்லா நிறமும் உண்டு என்பதால் தூசியின் ஒளியிலும் எல்லா நிறமும் உண்டு. எந்த நிறத்தை வெட்டினாலும் தூசியையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளில், குறிப்பாகக் குறைந்த அழுத்த வகையில், ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டரில் குவிந்திருந்தது. அந்த ஒரு பட்டையைத் தடுத்துவிட்டு மிச்சத்தைப் படமெடுக்க வழி இருந்தது. வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவி நிற்கிறது, 450 நானோமீட்டரை ஒட்டி நீலத்தில் ஒரு உச்சமும் உண்டு. காற்று நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். அலைநீளத்தின் நான்காம் மடிக்கு நேர்மாறாகச் சிதறல் கூடுவதால், அந்த நீலம் சோடியம் மஞ்சளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிதறுகிறது. அப்படிச் சிதறிய வெளிச்சமும் தூசியின் வெளிச்சமும் ஒரே நிறங்களில் வந்து விழுகின்றன. சென்சாரால் பிரித்தறிய முடியாது.

கணக்காகச் சொல்கிறேன். வானத்தின் சிறு துண்டு ஒன்றின் (ஒரு சதுர ஆர்க்செகண்ட்) பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். இயற்கையான இருட்டு வானத்தில் அது 22 மேக்னிட்யூட் அளவில் இருக்கும். வெளிச்சம் நிறைந்த நகரத்தில் 18. நான்கு மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் வானம் நாற்பது மடங்கு பிரகாசம். நான் தேடும் தூசியோ இயற்கையான வானத்தின் மெல்லிய ஒளியைவிடவும் மங்கலானது. இருட்டில் மூன்று நிமிடப் படங்கள் நூறு எடுத்து அடுக்கினால், ஐந்து மணி நேரத்தில் எனக்கு ஒரு தரம் கிடைக்கிறது. அதே தரம் நகரத்தில் வேண்டுமானால் இருநூறு மணி நேரம் ஆகும். நிலவும் மேகமும் இல்லாத இரவுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அந்த இருநூறு மணி நேரத்தை ஒருவர் கொடுத்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நகர வெளிச்சம் படத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சாய்வாகப் படரும். அதை மென்பொருளால் கழிக்க வேண்டும். விளிம்பில்லாமல் மெதுவாக மாறும் வெளிச்சத்தை அந்த மென்பொருள் தேடுகிறது. தூசியும் விளிம்பில்லாமல் மெதுவாக மாறுவதுதான்! எத்தனையோ இரவுகளின் உழைப்பை அடுக்கி முடித்து, பின்னணியைச் சரிசெய்யும்போது, வெளிச்சத்தோடு தூசியும் போய்விட்டதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் வரும் வருத்தத்தால்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

இது படமெடுப்பவர்களின் கவலை மட்டும் இல்லை. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறும் கண்ணால் விண்மீன்களைப் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2023-இல் வெளியானது. பெரும்பாலான பதிவுகள் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகிவிடும். பூமியின் இரவு வெளிச்சத்தை அளக்கும் செயற்கைக்கோள் கருவிக்கு நீல ஒளி தெரியாது. ஆகவே செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்து நிலைமை சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

தெரு இருட்டாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரவில் நடந்து போகிறவர்களுக்குத் தரை தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும். எல்இடி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் உண்மை. அதைவிட எனக்கு அதில் பிடித்தது, நினைத்த நொடியில் மங்கலாக்கவும் கூட்டவும் முடியும் என்பது. பழைய சோடியம் விளக்கு சூடாகி முழு வெளிச்சம் தரவே சில நிமிடங்கள் பிடிக்கும். கையில் இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல், நள்ளிரவு தாண்டியும் ஆளில்லாத சாலைக்கு முழு வெளிச்சம் கொடுப்பது ஏன்?

விளக்கின் ஒளி கிடைமட்டத்துக்கு மேலே ஒரு துளியும் போகாதபடி மூடிய கூடுகளைக் கேளுங்கள். கிடைமட்டத்தை ஒட்டிச் சற்றே மேல்நோக்கிப் போகும் ஒளிதான் காற்றில் வெகுதூரம் பயணித்துப் பல ஊர்களின் வானத்தைக் கெடுக்கிறது. நடப்பவரின் கண்ணைக் கூசவைப்பதும் பக்கவாட்டில் வழியும் ஒளிதான். அப்புறம், நிறம். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். கொள்முதல் ஆவணத்தில் 4000 கெல்வின் என்று இருக்கும் இடத்தில் 2700 அல்லது அதற்கும் கீழே என்று எழுதுங்கள். நீலம் வெகுவாகக் குறையும்.

முடியாத காரியம் என்று தோன்றினால் ஃபிளாக்ஸ்டாஃபைப் பாருங்கள். ஸ்லைஃபர் வேலை செய்த லோவல் வானாய்வகம் இருக்கும் அமெரிக்க நகரம் அது. 1958-லேயே தேடுவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டு, 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. மக்கள் அங்கே இரவில் சாலையில் நடக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள்.

முதலில் ஒரே ஒரு சாலையில் செய்து பாருங்கள். விளக்குகளை மாற்றும் முன் சில இரவுகள், மாற்றிய பின் சில இரவுகள், அதே இடத்தில் அதே தொலைநோக்கியை வைத்து, அதே நேர அளவில் வானத்தை அளந்து எண்களை உங்களுக்குத் தருகிறேன். செலவு எதுவும் வேண்டாம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அமாவாசையை ஒட்டி இருந்தால் நல்லது.

அன்புடன்,
வானத்தைப் படமெடுக்கும் உங்களில் ஒருவர்