2024–2025 ஆண்டறிக்கை: காணாமல் போகும் தோழர்களுக்கான அவசர அறிவிப்பு ஏற்பாடு குறித்த விவரங்களுடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, மறைந்த தோழர்களின் துணைவியரே, வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு மாதமும் தவறவில்லை. கார்கில் வெற்றியின் 25ஆம் ஆண்டு நாளை ஜூலை 26 அன்று மலரஞ்சலியுடன் கடைப்பிடித்தோம். சுதந்திர தினத்தில் முதலமைச்சர் அறிவித்த, முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க உதவும் ‘காக்கும் கரங்கள்’ திட்டத்தின் விவரத்தைச் சுற்றறிக்கையாக அனுப்பினோம். நவம்பரில், பாதுகாப்புத் துறையின் ‘ஸ்பர்ஷ்’ இணையவழி முறையில் ஓய்வூதியம் பெறுவோருக்கு ஆயுள் சான்றிதழ் முகாம் நடந்தது. டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள் வசூல் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரிசியும் போர்வைகளும் அனுப்பினோம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் பொங்கலன்றே வந்ததால் வருகை குறைவாக இருந்தது. மறைந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் மலர்வளையம் வைத்து இறுதி மரியாதை செலுத்தினோம்.

இவ்வாண்டு நான் விரிவாகப் பேச வேண்டியது ஒன்றுதான். அதற்குத்தான் சங்கத்தின் நேரமும் பணமும் அதிகம் செலவாயின. ஏன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்டு மாதம் நம் உறுப்பினர் ஒருவர் அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரைக் குறிப்பிடவில்லை. ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மறதி நோய் கண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பொறுத்தவரை விடுப்பு முடிந்துவிட்டது, யூனிட்டில் போய் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். காட்பாடி ஜங்ஷனுக்குப் போய் ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டார். மகன் காவல் நிலையத்துக்குப் போனபோது, “பெரியவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார், நாளை வரை பாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படம் கேட்டவர்களுக்குக் கொடுக்க வீட்டில் இருந்ததோ சீருடையில், முறுக்கு மீசையுடன், பணியில் இருந்தபோது எடுத்த படம். இன்று மீசையும் இல்லை, அந்த உடம்பும் இல்லை. நம் வாட்ஸாப் குழுவில் காலையிலேயே செய்தி போடப்பட்டது. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே மாலை வரை அது பலர் கண்ணில் படவேயில்லை.

மூன்றாம் நாள் ஆந்திராவின் ரேணிகுண்டாவில் கிடைத்தார். அங்கே அவர் பேசியதெல்லாம் இந்தி. பணிக்காலத்தில் பேசிய மொழி முன்னால் வந்து நின்றுவிட்டது. வடக்கத்தி ஆள் என்று நினைத்து, வடக்கே போகும் ரயிலில் ஏற்றிவிடக்கூட ஏற்பாடு நடந்திருக்கிறது. தன் பெயரைச் சொல்லத் தெரியாதவர், கேட்டவர்களிடமெல்லாம் தன் ராணுவ எண்ணை மட்டும் பிசகாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அது என்ன எண் என்று புரிந்துகொண்டவர், செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒரு முன்னாள் சிப்பாய். அவர் சித்தூரில் உள்ள தோழர்களைக் கேட்க, அவர்கள் நம்மைக் கேட்டார்கள். அந்தச் சிப்பாய் அன்று பணியில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே நான் விவரிக்க வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி நகரில் கோரி ஆடம்ஸ் என்ற முன்னாள் விமானப்படை வீரர் 2017 மார்ச்சில் காணாமல் போனார். வயது 45. படைப்பணியால் வந்த மன அழுத்த நோய் இருந்தது. அவருக்கு ஆபத்து என்று குடும்பத்தார் சொல்லியும் உடனடிப் பொது அறிவிப்பு எதுவும் போகவில்லை. காணாமல் போகும் குழந்தைகளுக்கு அங்கே ஓர் அறிவிப்பு முறை உண்டு. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இன்னொன்று உண்டு. 45 வயது ஆண் இரண்டிலும் அடங்கமாட்டார். சில வாரங்கள் கழித்துப் பூங்காக் குளம் ஒன்றில் அவர் உடல் கிடைத்தது. அந்தக் குடும்பம் அத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அவர்கள் விடாமல் போராடியதன் பலனாக மறு ஆண்டே, 2018இல், அவர் பெயராலேயே சட்டம் வந்தது. அந்த அறிவிப்புக்கு ‘கிரீன் அலர்ட்’ என்று பெயர். படைப்பணியோடு தொடர்புடைய உடல்நல அல்லது மனநலப் பாதிப்பு உள்ளவர் காணாமல் போனால், வயது எதுவானாலும், காவல்துறை அதைப் பொதுமக்களுக்குப் பரப்பலாம்.

வயது எதுவானாலும் என்ற அந்த அம்சத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம்மில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் நாற்பதை எட்டுவதற்குள் ஊர் திரும்பியவர்கள். தலைக்காயம் பட்டவர்கள் இருக்கிறார்கள். இரவில் தூங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். குடியில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காணாமல் போனால் ஊர் சொல்லும் முதல் வார்த்தை, “வளர்ந்த ஆம்பளை, தானாக வந்துவிடுவார்” என்பதுதான். பட்டாளத்துக்காரர் என்றால், “அவருக்கென்ன, எங்கே விட்டாலும் சமாளிப்பார்” என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். அவர் சமாளிக்கும் நிலையில் இல்லை என்பது வீட்டாருக்கும் நமக்கும்தான் தெரியும். தெரிந்த நாம் அதை எழுத்தில் தயாராக வைத்திருக்கவில்லை என்றால், ஆபத்து நேரத்தில் கலங்கி நிற்கும் ஒரு மகனோ மனைவியோ அதைக் காவல் நிலையத்தில் எப்படி நிறுவுவார்கள்?

தென்கொரியாவில் 2021 முதல், காணாமல் போன குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியோர், மறதி நோயாளிகள் ஆகியோரின் அடையாளங்கள் அந்தப் பகுதியில் இருப்போரின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போகின்றன. ஜப்பானின் குஷிரோ நகரில் 1990களிலேயே டாக்ஸி ஓட்டுநர்களையும் உள்ளூர் வானொலியையும் இணைத்து ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். நம் நாட்டிலும் கருவி இல்லாமல் இல்லை. 2023இல் நம் எல்லோர் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. ஒரு பகுதியில் உள்ள கைபேசிகளுக்கெல்லாம் நொடியில் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். காணாமல் போன ஒரு முன்னாள் வீரருக்காக அது ஒரு தாலுகா அளவிலாவது ஒலிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் மனு கொடுத்திருக்கிறோம். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதால், செயற்குழுவின் ஒப்புதலுடன் நாமே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினோம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பக்கப் படிவம். ஆறு மாதத்துக்குள் எடுத்த முகப்படம், உயரம், டிஸ்சார்ஜ் புக்கில் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் புத்தகம்) உள்ள அங்க அடையாளங்கள், ராணுவ எண், படைப்பிரிவு, பேசும் மொழிகள், வேளை தவறக்கூடாத மருந்துகள், மனம் போனால் போகக்கூடிய இடங்கள், என்ன சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பது எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னதைச் சிலர் தேவையற்றது என்றார்கள். பெயருக்குத் திரும்பாதவர் “ஹவில்தார் சாப்” என்றால் திரும்புகிறார். ரேணிகுண்டாவில் நடந்ததும் அதுதான். அறிவிப்புக்கென்று தனியாக ஒரு வாட்ஸாப் குழு தொடங்கியிருக்கிறோம். அதில் நிர்வாகிகள் தவிர யாரும் எதுவும் பதிவிட முடியாது. காட்பாடி ரயில் நிலைய ஆட்டோ ஓட்டுநர்கள், பஸ் நிலையக் கடைக்காரர்கள், பெட்ரோல் பங்குகளில் வேலை செய்யும் நம் தோழர்கள், சித்தூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை சங்கங்களின் நண்பர்கள் அதில் இருக்கிறார்கள்.

இரண்டாவதாக, சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். காணாமல் போனவர் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, மனநோயுடன் தெருவில் திரிபவரைக் கண்டால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, அவருடைய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நிலைய அதிகாரியின் கடமை. இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காவல் நிலையம் போன ஒரு தோழரின் மகளுக்குப் பிப்ரவரியில் அன்றைக்கே புகார் ரசீது கிடைத்தது. தந்தையும் இருட்டுவதற்குள் பக்கத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் கிடைத்துவிட்டார். அவரைக் கண்டு சொன்னவர், நம் குழுவில் படம் பார்த்த ஓர் ஆட்டோ ஓட்டுநர். சங்கம் இவ்வாண்டு செய்த செலவு வீணா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மாலையே என் பதில்.

எதிர்ப்புகளையும் மறைக்காமல் சொல்கிறேன். ‘எங்கள் அப்பாவைப் பைத்தியம் என்று ஊருக்குச் சொல்வதா?’ என்று ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பட்டாளத்துக்காரர் என்றாலே முரடர் என்று நினைப்பவர்களுக்கு நாமே தீனி போடக்கூடாது. அதனால்தான் அறிவிப்பில் நோயின் பெயர் வராது. படம், உடை, கடைசியாகப் பார்த்த இடம், அழைக்க வேண்டிய எண், இவ்வளவுதான் வெளியே போகும். படிவங்கள் உறைகளில், பூட்டிய பீரோவில் உள்ளன. குடும்பம் கேட்டால் ஒழியத் தலைவரும் நானும்கூட உறையைப் பிரிப்பதில்லை. டெக்சாஸ் மாநிலம் 2019இல் கொண்டுவந்த ‘கேமோ அலர்ட்’ சட்டத்திலும் முன்கூட்டியே சம்மதித்துப் பதிவு செய்துகொண்டவர்கள் காணாமல் போனால்தான் அறிவிப்பு போகும் என்று இருந்தது. கட்டாயம் இல்லை என்பதே இதன் பலம்.

இனி வருத்தத்தோடு சொல்ல வேண்டியவை. படிவம் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்தவை பாதிக்கும் குறைவு. தராதவர்களில் செயற்குழு உறுப்பினர்களும் உண்டு. மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று நாம் எல்லோரும் அறிந்த சில வீடுகளிலிருந்தே படிவம் வரவில்லை என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. மாதக் கூட்டங்களுக்கு வருபவர்கள் எப்போதும் அதே முகங்கள்தான். ராணுவக் கேன்டீன் நாளன்று நீண்ட வரிசையில் நிற்கும் தோழர்கள், அதே வளாகத்தில் அதே நாளில் நடந்த படம் எடுக்கும் முகாமுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். மூன்றாண்டு நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. பொதுக்குழுவில் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. ஆகஸ்டில் அந்த ஹவில்தாரைத் தேட ஆந்திரா வரை காரில் போனவர்கள் பெட்ரோலுக்குத் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். சங்க நிதியில் அன்று பணம் இல்லை. நிலுவைச் சந்தாவில் ஒரு பகுதி வந்திருந்தாலும் அந்த நிலை வந்திருக்காது.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். போனவர்கள் இத்தனை, திரும்பாதவர்கள் இத்தனை என்று அன்றைக்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்து நம் தெருவிலேயே வாழும் தோழர்களின் கணக்கு இன்று நம்மிடம் முழுமையாக இல்லை. படிவத்துக்காக நான் வீடு வீடாக வந்தது அந்தக் கணக்குக்காகத்தான். தொந்தரவு என்று எடுத்துக்கொண்டவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக, சந்தாவும் நன்கொடையும் சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. அச்சு, படம், தபால் வகைகளில் செலவு கூடியிருக்கிறது. இருப்பு கையைக் கடிக்காத அளவில் உள்ளது. கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டுள்ளன.

கூட்டத்துக்கு மண்டபம் தந்த உரிமையாளருக்கும், படிவத்தைக் குறைந்த விலையில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், ஊதியம் வாங்காமல் படம் எடுத்துக் கொடுத்த இளைஞருக்கும், ஆட்டோ ஓட்டுநர் தோழர்களுக்கும், முன்னாள் படைவீரர் பாலிகிளினிக் ஊழியர்களுக்கும், எனக்குத் துணை நின்ற இணைச் செயலாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. ரேணிகுண்டாவில் அந்த எண்ணைக் கேட்டு நின்ற முன்னாள் சிப்பாய்க்கு இவ்வறிக்கையின் ஒரு படியை அனுப்பி வைக்கிறோம்.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவின்றிச் சொல்கிறேன். என் பதவிக்காலம் செப்டம்பரில் முடிகிறது. அறிவிப்புக் குழுவின் கைபேசி இரவும் பகலும் என்னிடமே இருக்கிறது. நள்ளிரவிலும் அழைப்பு வரும், எடுத்தாக வேண்டும். ஒருவரால் இது நெடுநாள் நடக்காது. வாரத்துக்கு ஓர் இரவு எடுத்துக்கொள்ள ஏழு பேர் முன்வந்தால் போதும். நாற்பதுகளில் இருக்கும் தோழர்கள் வந்தால் இன்னும் நல்லது. யார் செயலாளராக வந்தாலும் பீரோவின் சாவியை மட்டுமல்லாமல் இந்த வேலையையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்று பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றினால் என் மனம் நிறையும்.

படிவங்கள் வாசலுக்கு அருகே பொருளாளரின் மேசையில் உள்ளன. படம் எடுப்பவர் மதிய உணவு முடியும் வரை இங்கேயே இருப்பார். வர இயலாத தோழர்களின் வீட்டுக்கு இன்று மாலையே கேமராவுடன் வரத் தயாராக இருக்கிறோம். முகவரியை மட்டும் எழுதிக் கொடுங்கள். நிலுவைச் சந்தாவையும் அதே மேசையில் செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்