புகைப்படமா, விடுகதையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அரூபப் புகைப்படங்கள் (இன்ன பொருள் என்று காட்டாமல் வடிவத்தையும் ஒளி நிழலையும் முன்னிறுத்தும் படங்கள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபோகஸ் செய்யத் தெரியாதவர்களின் புகலிடம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். போதாததற்கு, கணினி வந்த பிறகு முளைத்த மோகம் என்கிறார். இரண்டும் சரியில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்டிராண்ட் 1916இல் எடுத்த கிண்ணங்களின் படத்தைக் கட்டுரையாளர் பார்த்திருக்க மாட்டார் போலும். சமையலறைக் கிண்ணங்கள்தான், விளிம்புகள் துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால் மிக அருகில் போய், சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டிவிட்டதால், கண்ணில் முதலில் படுவது வளைவும் நிழலும்தான். கிண்ணம் என்பது பிறகுதான் உறைக்கிறது. இதில் மங்கல் எங்கே வந்தது? அடுத்த ஆண்டே ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற புகைப்படக் கலைஞர், முகம் பார்க்கும் கண்ணாடிகள் மூன்றை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியே எடுத்த படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார். அப்போது கணினியை யார் கண்டார்கள்?

கேமராவே இல்லாத முறையும் உண்டு. ஒளியுணர் தாளின் மேல் பொருளை வைத்து வெளிச்சம் காட்டும் போட்டோகிராம். 1843இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படித்தான் நீல நிறப் பிரதிகளாகப் பதிந்தார். அவருக்கு வேண்டியிருந்தது தாவரவியல் ஆவணம். 1920களில் மான் ரே, மொஹோலி-நாகி என்ற இரு கலைஞர்களும் அதே வழியில் கலை செய்தார்கள். அந்தப் பிரிண்டுகளை உற்றுப் பாருங்கள்: பொருள் தாளோடு ஒட்டிக் கிடந்த இடம் வெள்ளை வெளேரென்று கூரிய விளிம்போடு இருக்கும், சற்றே தூக்கியிருந்த இடத்தில் வெளிச்சம் அடியில் புகுந்து சாம்பலாகக் கசிந்திருக்கும். தாளுக்கும் பொருளுக்கும் இடையே இருந்த இடைவெளிகூடப் பதிவாகிவிடுகிறது.

கேமராவை ஆட்டி எடுத்த கோடுகளையெல்லாம் கொண்டாட நானும் தயாரில்லை. 'மௌனத்தின் ஓலம்' என்ற ரீதியில் தலைப்பு வைத்துவிட்டால் படத்துக்கு ஆழம் வந்துவிடுமா? அதற்காக மொத்த வகையையும் ஒதுக்குவது, நாலு மோசமான கவிதைகளைக் காட்டிப் புதுக்கவிதையே வேண்டாம் என்பது போலத்தான்.

உண்மையில் கட்டுரையாளரைவிட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். கட்டுரையோடு வந்த ஒரே அரூபப் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, 'இது என்ன? கண்டுபிடியுங்கள்!' என்று கீழே போட்டு, விடையைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டிருக்கிறீர்கள். பிறகு வாசகர் படத்தைப் பார்ப்பாரா, விடையைத் தேடுவாரா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் 1925 முதல் வரிசையாக எடுத்த மேகப் படங்கள் பலவற்றில் தொடுவானமே கிடையாது. எது மேல், எது கீழ் என்றுகூடச் சொல்ல முடியாது. அவற்றுக்கும் 'விடை: மேகம்' என்று போடுவீர்களா?

அடுத்த முறை ஒரு படத்தையாவது முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். எடுத்தவர் பெயரும், எந்த முறையில் எடுத்தார் என்ற விவரமும் கீழே இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்