வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேருங்கள்: வீட்டுவசதித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் புரசைவாக்கம் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை, தெருவைப் பார்த்த பால்கனி. வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார். மகள் எந்தக் கல்லூரி என்று கேட்டார், மோர் கொடுத்தார். வாடகையும் பேசி முடித்தாயிற்று. கடைசியில் ஒப்பந்தத்துக்காகப் பெயர் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, கொரோனா சமயத்துல பட்டதே போதும்" என்றார்.

கொரோனா முடிந்து எத்தனை வருடம் ஆகிறது ஐயா? அவருக்குக் கொரோனா வந்ததா, வந்திருந்தால் யாரால் வந்தது என்று நான் கேட்கவில்லை. மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

அன்று இரவு உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. 2017-ஆம் ஆண்டு இயற்றி, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேருங்கள். மதத்தையோ சாதியையோ நோயையோ காரணம் காட்டி யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லவும் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்ல வேண்டும். மீறினால் தண்டனை உண்டு என்றும் இருக்க வேண்டும்.

2020-இல் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்ச் மாதம் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய மார்க்கப் பிரசார அமைப்பின் கூட்டம். மாதக் கடைசியில், அதற்குப் போய்த் தமிழ்நாடு திரும்பியவர்கள் 1,131 பேர் என்று அரசு அறிவித்தது. அவர்கள் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று கேட்டது. அதில் தவறில்லை, நோயைத் தேடத்தான் வேண்டும். பலர் தாமாகவே முன்வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் செய்தியாளர் சந்திப்பில் இன்றைய தொற்று இத்தனை, அதில் டெல்லி மாநாடு இத்தனை என்று தனிக் கணக்கு வாசிக்கப்பட்டதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டு "சிங்கிள் சோர்ஸ்", அதாவது ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று, என்றார்கள். அதற்குள் தெருவில் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதல்வர் கேட்டுக்கொண்டார். எந்தச் சமூகத்தையும் பகுதியையும் தொற்றுக்குக் காரணம் என்று முத்திரை குத்தக் கூடாது என்று ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவுரை வெளியிட்டது. நல்ல வார்த்தைகள்தான், ஆனால் அதற்குள் எங்கள் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

என் கணவர் டெல்லிக்குப் போனவர் இல்லை. அவருடைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் போய் வந்தவர். தொடர்பில் இருந்தவர்கள் பட்டியலில் இவர் பெயரும் சேர்ந்தது. வந்து சளி எடுத்துப் போனார்கள், எங்கள் ஐந்து பேருக்கும் தொற்று இல்லை என்று முடிவும் வந்தது. ஆனாலும் விதிப்படி 28 நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

வீட்டுக்காரம்மா கீழே, நாங்கள் மாடி போர்ஷன். ஒன்பது வருடப் பழக்கம். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் மேலே வரும், பெருநாளுக்கு எங்கள் வீட்டுச் சேமியா கீழே போகும். ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள் காலை குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எங்கள் போர்ஷனுக்கு வருகிற வால்வை மூடிவிட்டிருந்தார்கள். போன் செய்து கேட்டேன். "ஒரே தொட்டித் தண்ணிம்மா, எங்க வீட்லயும் வயசானவங்க இருக்காங்க" என்றார். தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே வருமே தவிர எங்கள் குழாயிலிருந்து மேலே ஏறாது என்று என் கணவர் எவ்வளவோ விளக்கிச் சொன்னார். அந்த அம்மா அழுதார். வால்வைத் திறக்கவில்லை.

மாநகராட்சித் தன்னார்வலர் ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன், தினமும் இரண்டு கேன் தண்ணீர் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவான். நாற்பது லிட்டர், ஐந்து பேர். அதில் ஒருவர் என் மாமியார், படுத்த படுக்கை. அவருடைய துணிகளையும் விரிப்பையும் துவைக்கவே ஒரு கேன் போய்விடும். மிச்சத்தில் சமைத்து, குடித்து, பாத்திரம் கழுவ வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றினோம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பல் துலக்க ஒரு டம்ளர் என்று அளந்து கொடுப்பேன். அவள் பாதி டம்ளரில் முடித்துவிட்டு மீதியைத் திருப்பி வைப்பாள்.

ஏப்ரல் 25-ஆம் தேதி நோன்பு தொடங்கியது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்னால் ஒலு செய்ய, அதாவது முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்துகொள்ள, தண்ணீர் வேண்டும். முதல் நாள் சஹருக்கு, விடியுமுன் சாப்பிட, எழுந்தபோது மாமியார் என்னை அருகில் கூப்பிட்டு, "பால்கனில செம்பருத்தித் தொட்டி இருக்குல்ல, அதைக் கிட்டே கொண்டு வாம்மா" என்றார். மேல்மண் காய்ந்திருந்தது. அதில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து எடுத்து முகத்தில் தடவி, கைகளில் தடவினார். தயம்மும் என்போம். தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணைக் கொண்டு சுத்தம் செய்துகொள்ள மார்க்கம் தந்திருக்கிற அனுமதி அது. பாலைவனத்துப் பயணிகளுக்கு என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். சென்னையின் நடுவில், தலைக்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பி நிற்க, என் மாமியார் பத்து நாள் பூந்தொட்டி மண்ணைத் தடவிக்கொண்டு தொழுதார். அவர் இப்போது இல்லை. அந்தத் தொட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த வீட்டுக்காரம்மா கெட்டவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். பயந்துபோனார். எல்லோரும்தான் பயந்தோம். ஆனால் அந்தப் பயத்துக்கு எங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்தது தினமும் மாலை வாசித்த அந்தக் கணக்கு. அதே பயத்தில் வால்வை மூடினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தைக் கொடுத்தது சட்டம். இரண்டும் அரசின் கையில் இருந்தவை.

சட்டத்தில் எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று உங்கள் 2017 சட்டமே சொல்கிறது. ஆனால் ஊரடங்கில், வாசலில் ஸ்டிக்கரோடு, எந்த அலுவலகத்துக்குப் போய் மனு கொடுப்பது? எழுத்து மூல ஒப்பந்தமும் எங்களிடம் இல்லை. ஒன்பது வருடம் வாய்வார்த்தையில் ஓடிய குடித்தனம், சென்னையில் பாதி வீடு அப்படித்தான். மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவு போனில் வந்தது. வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லும் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றிருந்தது. காவல் நிலையத்துக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "அது தொழிலாளிக்கும் மாணவருக்கும் போட்டதும்மா, நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். உத்தரவில் அப்படித்தான் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

28 நாள் முடிந்த மறுநாளே காலி செய்யச் சொன்னார்கள். வண்டி கிடைக்காத காலம். தெரிந்தவர் ஒருவரின் மீன்பாடி வண்டியில், மாமியாரை மெத்தையோடு படுக்க வைத்து, பக்கத்தில் பீரோவைக் கட்டி, நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அட்வான்ஸ் பணத்தில் வெள்ளையடிக்க, கிருமிநாசினி தெளிக்க என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். தொற்றே இல்லாத வீட்டுக்குக் கிருமிநாசினிச் செலவு எங்கள் கணக்கில். அதை விடுங்கள், பணம் போனால் போகட்டும்.

அதே ஏப்ரலில் அரசு எவ்வளவு வேகமாகச் செயல்பட முடியும் என்பதையும் பார்த்தேன். 19-ஆம் தேதி கொரோனாவில் ஒரு மருத்துவர் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது, ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது. கேட்டவர்கள் எல்லோரும் துடித்தோம். நோன்புக்காகச் சேர்த்து வைத்திருந்த துஆக்களில், பிரார்த்தனைகளில், ஒன்றை அவர் குடும்பத்துக்காகக் கேட்டேன். ஒரே வாரத்தில், 26-ஆம் தேதி, தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. அதற்கு நான்கு நாள் முன்னால், 22-ஆம் தேதி, மத்திய அரசு 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில் தொல்லைப்படுத்துவதும் குற்றம் என்றானது. வீட்டைக் காலி செய் என்று அவர்களை விரட்டிய உரிமையாளர்களால் வந்த திருத்தம் அது. வந்தது நியாயம்.

ஆக, இறந்தவருக்கு ஆறடி நிலம் மறுக்கக் கூடாது என்று ஒரு வாரத்தில் சட்டம் போட முடிந்தது. மருத்துவருக்குக் குடியிருக்கும் வீட்டில் பாதுகாப்புத் தர முடிந்தது. உயிரோடு, நோயில்லாமல், வாடகையும் பாக்கியில்லாமல் இருந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அன்று நேரமில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வந்த வருடங்களில்?

மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று பரவியது, 5-ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். அதற்காக இன்று எந்தக் காய்கறி வியாபாரிக்கும் யாரும் வீடு மறுப்பதில்லை. மறுக்கவும் கூடாது. வாசலில் ஒட்டிய நோட்டீஸ் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது, உரிய அதிகாரி தனியாக உத்தரவிடாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று. டெல்லியில் ஊரடங்கில் சிக்கிக்கொண்ட வெளிநாட்டு ஜமாஅத்காரர்களுக்குப் பள்ளிவாசலிலும் வீட்டிலும் இடம் கொடுத்தார்கள் என்று 70 இந்தியர்கள் மீது வழக்கு நடந்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்தது. போக வழியில்லாதவருக்குத் தங்க இடம் கொடுத்ததைக் குற்றம் இல்லை என்று சொல்ல ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத் தமிழில் படித்துவிட்டு என் கணவர் செய்தித்தாளை மடித்துப் பீரோவுக்குள் வைத்தார். வீட்டுக்காரர் யாராவது கேட்டால் காட்டலாம் என்றார். இதுவரை கேட்டவர் இல்லை.

நீதிமன்றம் கழுவிவிட்ட பழியைத் தெரு கழுவவில்லை. புரோக்கரிடம் போனாலே முதல் கேள்வி "பாய் வீடா?" என்பதுதான். அதற்கு மேல் சைவமா என்று ஒரு கேள்வி. நாங்கள் மட்டும் இல்லை. எங்கள் கடையில் வேலை பார்க்கிற தம்பி தலித் கிறிஸ்தவர், எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு அவருக்கும் இல்லை என்கிறார்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு இன்னொரு கதை. கடைக்கும் உணவகத்துக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் மதம், சாதி பார்த்துத் தடை போடக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2006-இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு, முஸ்லிம்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியது. அதற்கப்புறம்தான் நீங்கள் 2017-இல் புதிய வாடகைச் சட்டமே இயற்றினீர்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று எழுத நினைவிருந்தது. அதையும் யாரும் மதிக்கவில்லை, இன்றும் பத்து மாதம்தான் கேட்கிறார்கள் என்பது வேறு. ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள், அதைக் காட்டி ஒருவர் பேரமாவது பேசலாம். எங்களுக்குக் காட்ட ஒரு வரி இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன். 2020-இல் இருந்த ஆட்சி வேறு, அலுவலர்கள் வேறு என்று தெரியும். யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த ஒரு பிரிவைத்தான் மறுபடியும் கேட்கிறேன். மதம், சாதி, நோய் இந்த மூன்றையும் சொல்லி வீடு மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் குற்றம் என்று சட்டத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தைக் குடித்தனத்துக்கும் அது பொருந்தட்டும். ஊரடங்கானாலும் போனிலேயே புகார் வாங்கி, அன்றைக்கே வால்வைத் திறந்துவிட ஓர் அலுவலர் இருக்கட்டும். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது சுகாதாரத் துறை வாசிக்கும் கணக்கில் மாவட்டம் இருக்கலாம், வயது இருக்கலாம், எந்தக் கூட்டம் என்று பொதுவில் வாசிக்க வேண்டாம் என்று அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்போது இருக்கிற வீட்டை உரிமையாளர் விற்கிறார். நல்ல மனிதர், இரண்டு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதில் ஐந்து வாரம் போய்விட்டது. நாளை மறுநாள் இன்னொரு வீடு பார்க்கப் போகிறோம். பெயரை முதலிலேயே போனில் சொல்லிவிடலாம், வீணாக மோர் குடித்துவிட்டு வர வேண்டாம் என்கிறாள் மகள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வாடகைக்கு வீடு தேடும் ஒரு குடிமகள்,
சென்னை