ஒரே அடுப்பில் இரண்டு குடித்தனம்

மதுரை, பழங்காநத்தம்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அழகர் இறங்க வைகையில் தண்ணீர் விட்டாயிற்று. தல்லாகுளத்தில் இப்போதே நடக்க இடமில்லை. எதிர்சேவைக்கு வரப் பார்.

இனி உன் கேள்வி. ஒரே மெஷினில் ரூட்டர் ஒரு கண்டெய்னர் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் கூடு), நெட்வொர்க் பாக்கெட்டைப் பரிசோதிக்கும் புரோகிராம் இன்னொன்று. மெமரியைப் பகிர, கெர்னலைத் தாண்டிப் பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் லைப்ரரியான டிபிடிகேயின் (DPDK) பிரைமரி-செகண்டரி முறையை எடுக்கிறேன் என்கிறாய். பிரைமரி உருவாக்கிய மெமரியிலேயே செகண்டரியும் ஒட்டிக்கொள்ளும் முறை அது. வேண்டாம்.

ஓடாது என்று சொல்லவில்லை. ஹியூஜ்பேஜ் (பெரிய பக்கங்களாக ஒதுக்கிய மெமரி) டைரக்டரியையும் டிபிடிகேயின் ரன்டைம் டைரக்டரியையும் இரண்டிலும் மவுண்ட் செய்து, ஒரே ஃபைல்-பிரிஃபிக்ஸ் (டிபிடிகே கோப்புப் பெயர்களின் முன்னொட்டு) கொடுத்தால் ஓடும். வினை அதற்குப் பிறகுதான். உள்ளே இருப்பதெல்லாம் நேரடி பாயிண்டர்கள் என்பதால், பிரைமரி மேப் செய்த அதே விர்ச்சுவல் முகவரி செகண்டரிக்கும் கிடைத்தாக வேண்டும். அங்கே வேறு லைப்ரரி உட்கார்ந்திருந்தால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றிப்போடும் ஏஎஸ்எல்ஆர் (ASLR) புண்ணியத்தில் இன்று ஓடுவது நாளை ஓடாது. கெர்னல் அமைப்பில் (randomize_va_space) அதை அணைத்தால் ஹோஸ்ட் முழுக்க அணையும். அந்த அமைப்பு கண்டெய்னருக்குத் தனியாகக் கிடையாது.

இதைவிட மோசம் எல்கோர் எண், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் டிபிடிகே வைக்கும் எண். மெம்பூல் (பஃபர்களின் பொதுச் சேமிப்பு) கேஷ் எல்கோர் எண்ணுக்கு ஒன்று, பூட்டும் கிடையாது. சிபியு வேறுவேறாக இருந்தாலும் இரண்டு கண்டெய்னரிலும் எல்கோர் 1 என்று மேப் செய்தால் ஒரே கேஷில் இரண்டு பேர் கை வைப்பார்கள். எர்ரர் வராது, எம்பஃப் (பாக்கெட்டைத் தாங்கும் பஃபர்) மட்டும் அழுகும். செகண்டரி திடீரென்று செத்தால் அதன் கையிலிருந்த பஃபர்கள் பூலுக்குத் திரும்பாது. பூட்டோடு செத்தால் பிரைமரியும் தொங்கும். பிறகு தனிக் கண்டெய்னர் எதற்கு?

அதற்குப் பதில் மெமிஃப் (memif) எடு. இரண்டு புரோகிராம்கள் பகிர்ந்த மெமரி வழியாகப் பாக்கெட் பரிமாறும் இடைமுகம் அது. கிளையன்ட் மெமரியை உருவாக்கி, அதன் ஃபைல் டிஸ்கிரிப்டரை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக சர்வரிடம் கொடுத்துவிடும். ரிங்கில் (பாக்கெட்டுகளின் சுழல் வரிசை) முகவரி இல்லை, ரீஜன் (மெமரிப் பகுதி) எண்ணும் ஆஃப்செட்டும்தான். யார் எங்கே மேப் செய்தாலும் கவலையில்லை. ஒன்று செத்தால் லிங்க் டவுன், திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளும். ரிங் அளவு டீஃபால்ட் 10, அதாவது 2-இன் 10-ஆம் அடுக்கு, 1024 ஸ்லாட். பஃபர் 2048 பைட். ஃபைல்-பிரிஃபிக்ஸ் இப்போது ஆளுக்கொன்று.

பலர் தடுக்கி விழுவது சாக்கெட்டில். டிபிடிகேயில் டீஃபால்ட், கோப்பு இல்லாமல் பெயர் மட்டும் உள்ள அப்ஸ்ட்ராக்ட் சாக்கெட். அது நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் அடைபட்டது. எந்த வால்யூமை மவுண்ட் செய்தாலும் பக்கத்துக் கண்டெய்னர் கண்ணில் படாது. சாக்கெட்-அப்ஸ்ட்ராக்டுக்கு 'நோ' கொடுத்து, சாக்கெட் கோப்பைப் பொது வால்யூமில் வை. ரோல் ஒருபக்கம் சர்வர், மறுபக்கம் கிளையன்ட். ஐடி இரண்டிலும் ஒன்றே.

இதற்கு நீ கொடுக்கும் விலை, பாக்கெட்டை நகலெடுக்கும் நேரம். கிளையன்டில் ஜீரோ-காபி (நகலெடுக்காத முறை) உண்டு, சிங்கிள்-ஃபைல்-செக்மெண்ட்ஸ் ஆப்ஷன் போட வேண்டும். ஆனால் கிளையன்டின் ஹியூஜ்பேஜ் மெமரியே சர்வர் முன்னால் திறந்து கிடக்கும். நம்பாத புரோகிராமோடு அதைத் தொடாதே.

ஹியூஜ்பேஜ் 2 எம்பி அளவில் 1024 எடுத்தால் 2 ஜிபி. உன் மெஷினில் இரண்டு சிபியு சாக்கெட் என்றாயே, ஹியூஜ்பேஜுக்கான பொதுக் கோப்பில் எண்ணை எழுதினால் கெர்னல் இரண்டு நியூமா நோடுக்கும் (ஒரு சிபியுவும் அதன் பக்கத்து மெமரியும்) பிரித்துக் கொடுத்துவிடும். நெட்வொர்க் கார்டு இருக்கிற நோடின் கோப்பில் எழுது. எந்த நோடு என்று பார்த்து எனக்கும் ஒரு வரி போடு.

உன் பங்காளி