மெய்நிகர் கருவி வகுப்புகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடங்கள் சிலவற்றை, கண்களை மூடித் தலையில் அணிந்து பார்க்கும் திரைக் கருவியான மெய்நிகர் ஹெட்செட் வழியே கற்பிக்க உள்ளோம். அகன்ற காட்சி தரும் கருவி கிடைக்கும்போது அதைவிடக் குறுகிய காட்சியுடைய ஒன்றைப் பள்ளி ஏன் வாங்கியது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்கான விடை, நம் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் விதத்தில் இருக்கிறது.

மனிதனின் ஒரு கண் பக்கவாட்டில் ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி வரை காண்கிறது. இரு கண்களும் சேர்ந்து 200 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் காண்கின்றன. இதில் நடுவே உள்ள சுமார் 120 டிகிரி மட்டுமே இரு கண்களுக்கும் பொதுவானது. இரு ஓரங்களையும் அந்தந்தப் பக்கத்துக் கண் மட்டுமே பார்க்கிறது. பொதுப் பகுதியில் ஒரே பொருளின் இரு பிம்பங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணர்கிறது என்பதை, தட்டையான இரு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாகத் தனித்தனியே காட்டும் கருவியின் மூலம் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் விளக்கினார். இன்றைய ஹெட்செட்டும் அடிப்படையில் அதையே செய்கிறது.

ஒரு கண்ணுக்கு 90 டிகிரி காட்டும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு காட்சிகளும் முழுமையாகப் பொருந்தினால் மொத்தக் காட்சியும் 90 டிகிரிதான். ஆனால் அதன் எந்தப் பகுதியும் இரு கண்களுக்கும் தெரியும். அதே திரைகளையும் வில்லைகளையும் ஒவ்வொன்றும் 10 டிகிரி வெளிப்புறமாகத் திருப்பிவிட்டால் மொத்தக் காட்சி 110 டிகிரியாக விரியும், பொதுப் பகுதியோ 70 டிகிரியாகச் சுருங்கிவிடும். விளம்பரத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் முதல் எண் மட்டுமே. வீட்டுக்கு ஒன்று வாங்க எண்ணுவோர் இரண்டாவது எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பள்ளி வாங்கியது, மொத்தக் காட்சி குறுகினாலும் பொதுப் பகுதி அகன்ற கருவி.

பொதுப் பகுதி சுருங்குவது எல்லாப் பாடங்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தொலைவில் உள்ள கோள்களையோ மலைகளையோ பார்க்கும்போது இரு பிம்பங்களின் வேறுபாடு மிகச் சிறியது. ஒன்றையொன்று மறைத்தல், நிழல் ஆகியவையே ஆழத்தை உணர்த்தப் போதுமானவை. ஆனால் நம் மாணவர்கள் இதயத்தின் மாதிரியைக் கையெட்டும் தொலைவில் வைத்து, அதன் அறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். கண்மணிகளுக்கிடையே 63 மில்லிமீட்டர் உள்ள ஒருவருக்கு, பொதுப் பகுதி 90 டிகிரியாக இருந்தால் 30 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் அகலம் இரு கண்களுக்கும் தெரியும் என்பது எளிய கணக்கு. 60 டிகிரியில் அது 28 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். பக்கவாட்டில் நீட்டிய கை அந்த எல்லையைத் தாண்டியதும் ஒரு கண்ணுக்கு மட்டுமே புலப்படுவதால், பிடிக்க வேண்டிய இடத்தைக் கணிப்பது கடினமாகிறது.

வசதி சார்ந்த காரணமும் உண்டு. பொதுப் பகுதி முடிந்து ஒற்றைக் கண் பகுதி தொடங்கும் எல்லையில், ஒரு கண்ணில் காட்சியும் மறு கண்ணில் திரையின் கருமையும் போட்டியிடுவதால், பிறை வடிவில் ஒரு மங்கல் தோன்றக்கூடும். ஹெலிகாப்டர் விமானிகளின் தலைக்கவசத் திரைகளுக்காக அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இயற்கைப் பார்வையிலும் ஒற்றைக் கண் பகுதிகள் உண்டு என்றாலும், அவை வெகு ஓரத்தில் இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. ஹெட்செட்டில் அந்த எல்லை பார்வையின் நடுவை நெருங்கி வருவதே உறுத்தலாகிறது. குறிப்பாக, எழுத்துகளை வாசிக்கும்போது இது கவனத்தைச் சிதைக்கும்.

பொதுப் பகுதி அகன்றிருந்தால் எல்லாச் சிரமமும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொருள் எவ்வளவு அருகில் தோன்றினாலும் கண்வில்லை திரைக்குரிய ஒரே தொலைவுக்கே குவிய வேண்டியிருக்கிறது. கண்களோ அந்தப் பொருளை நோக்கி உட்புறம் திரும்புகின்றன. இந்த முரண்பாடு எந்த ஹெட்செட்டிலும் களைப்பைத் தரலாம். எனவே ஒரு மாணவர் தொடர்ந்து பத்து நிமிடங்களுக்கு மேல் கருவியை அணிய மாட்டார். தலைவலியோ குமட்டலோ இரட்டைப் பார்வையோ தோன்றினால், யாரிடமும் அனுமதி கேட்காமலே கழற்றி வைக்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

வளரும் பிள்ளைகளின் கண்மணி இடைவெளி பெரியவர்களுடையதைவிடக் குறைவு. வில்லைகள் அதற்கேற்ப அமையாவிட்டால் பிம்பம் மங்குவதோடு, இரு கண்களின் காட்சிகளும் சரியாகப் பொருந்தாமல் போகும். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் இந்த இடைவெளியை அளந்து குறித்துக்கொள்வோம். கருவியின் வரம்புக்குள் அது அடங்காதவர்கள் அதே பாடத்தைப் பெரிய திரையில் பார்ப்பார்கள். மதிப்பெண்ணில் எந்த வேறுபாடும் இராது.

உங்கள் பிள்ளைக்கு மாறுகண், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமை), இரு கண்களுக்கிடையே பெரிய பவர் வேறுபாடு, வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். ஆழத்தை உணர்வதில் சிரமம் இருப்பதை இதுவரை அறியாத பிள்ளைகளும் இருக்கலாம் என்பதால், வகுப்பில் அப்படி ஏதேனும் தெரியவந்தால் உங்களுக்குத் தனியே தெரிவிப்போம். கண் மருத்துவரே அதை உறுதி செய்ய வேண்டும். நிரப்பிய படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்