நூற்றாண்டு மலர் போடுகிறவர்களுக்கு: அந்த 1948 குரூப் போட்டோவில் இருப்பவர்கள் யார் யார்?

நம் பள்ளி நூற்றாண்டு விழாக் குழுவினருக்கு வணக்கம்.

மலருக்காக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்தது. அமைச்சர் வாழ்த்துரை, எம்.எல்.ஏ. வாழ்த்துரை, கல்வி அதிகாரி வாழ்த்துரை, அதற்குப் பிறகு பின் அட்டை இவ்வளவு, உள் அட்டை இவ்வளவு, முழுப்பக்கம் இவ்வளவு என்று விளம்பரக் கட்டணம். எல்லாம் சரி, அச்சுக்கூலி யார் கொடுப்பது, விளம்பரம் வேண்டும்தான். ஆனால் "மூத்த மாணவர் நினைவுகள்" என்று கடைசியில் ஒட்டவைத்திருக்கிற இரண்டே பக்கத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அதிலும் "ஒருவருக்கு நூறு சொற்களுக்கு மிகாமல்" என்று ஒரு நிபந்தனை. தொண்ணூறைத் தாண்டியவர் பேனாவைப் பிடித்து நூறு சொல்லை எண்ணி எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்புவாரா, சொல்லுங்கள்?

தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கு மேலே, 1948 என்று எழுதிய ஆறாம் பாரம் (அந்தக் காலத்து உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு) குரூப் போட்டோ ஒன்று தொங்குவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. நடுவில் கோட்டும் தலைப்பாகையுமாக ஹெட்மாஸ்டர், பக்கத்தில் பஞ்சகச்சத்தில் தமிழ் ஐயா, பின்னால் மூன்று வரிசை பையன்கள், கீழே சம்மணம் போட்டு ஒரு வரிசை. அதில் என் பெரியப்பா இரண்டாவது வரிசையில் நிற்கிறார். பெயர்ப்பட்டியல் எழுதிய அட்டை எப்போதோ உதிர்ந்துபோனது. இன்றைக்கு அந்தப் படத்தில் இருப்பவர்களைக் கைகாட்டிப் பெயர் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து பெரியப்பா ஒருவர்தான். அவருக்கும் ஒரு கண் சரியாகத் தெரிவதில்லை. படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால் சொல்கிறார், சில பெயர்களுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும், திடீரென்று சாப்பாட்டுக்கு நடுவில் "அவன் கண்டனூர்ப் பையன்டா" என்பார்.

எதற்கு இந்த ஒரு செட்டை மட்டும் பிடித்துக்கொண்டு இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பீர்கள். 1947 ஜூனில் ஆறாம் பாரத்துக்குள் நுழைந்து அடுத்த கோடையில் வெளியே வந்தவர்கள் அவர்கள். அந்த ஒரே படிப்பு ஆண்டுக்குள் சுதந்திரம் கிடைத்த ஆகஸ்ட் 15 வந்தது, காந்தியைச் சுட்ட ஜனவரி 30 வந்தது. இரண்டும் வெள்ளிக்கிழமை. மார்ச் தொடக்கத்தில் நமக்கு எல்லையில் இருந்த புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து இல்லாமலே போனது. பாகிஸ்தான் பிரிந்ததைக் காட்டப் பூகோள வாத்தியார் துணி மேப்பைச் சுவரில் மாட்டி, லாகூருக்குக் கிழக்கே சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, வங்காளத்தில் இன்னொரு கோடு இழுத்து, "பரீட்சையில் இப்படியே போடுங்கள், புஸ்தகத்தில் இருப்பதைப் போடாதீர்கள்" என்றாராம். புதுக்கோட்டைக்கு என்ன செய்வது என்று பையன்கள் கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு சங்கதி உங்கள் வாழ்த்துரைகளில் எதிலாவது வருமா?

அவர்கள் முதல் பாரத்தில் சேர்ந்த 1942ஐயும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. நம் பக்கத்தில் பர்மா தொடர்பு இல்லாத வீடு எது? லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையுமாக நடந்து வந்தார்கள், அதில் பிழைத்து ஊர் சேர்ந்த பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவன், மீசை அரும்பிய பிறகும் முதல் பாரத்தில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தான், பர்மியப் பாஷையில் எண்ணுவான், வழியில் நடந்ததைப் பற்றி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில், தேவகோட்டையில் கோர்ட்டைக் கொளுத்தினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, திருவாடானையில் சிறையை உடைத்துச் சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். பத்துப் பதினொரு வயதில் இதையெல்லாம் திண்ணையிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான் அந்தப் போட்டோவில் விறைப்பாக நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 15ஐப் பற்றிப் பெரியப்பாவிடம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொடி, ஊர்வலம், மிட்டாய். ஹெட்மாஸ்டர் அறையில் மாட்டியிருந்த ஆறாம் ஜார்ஜ் படத்தை அன்றைக்கே கழற்றினார்கள் என்கிறார். அவருடைய ஒரு வருஷ ஜூனியர், இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், அவரோ அடுத்த வருஷம் வரை படம் அங்கேயேதான் இருந்தது என்று சத்தியம் செய்கிறார். அப்புறம், பெரியார் அந்த நாளைத் துக்க நாள் என்று சொன்னதும் அண்ணா அதை ஏற்காததும் வகுப்புக்குள் பெரிய சண்டையாகி, கடைசி பெஞ்சில் மைக்கூடு பறந்ததாம்.

ஜனவரி 30ஐ மட்டும் மணிக்கணக்கில் சொல்கிறார். மாலையில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். செட்டியார் வீட்டு ரேடியோவில் கேட்டு யாரோ ஓடிவந்து சொன்னது இருட்டுகிற நேரத்தில். சுட்டது யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஒரு முஸ்லிம்தான் சுட்டான் என்று எங்கிருந்தோ ஒரு வதந்தி. டிரில் மாஸ்டர் வலையைக் கூடக் கழற்றாமல், ஆடிக்கொண்டிருந்தவர்களில் முஸ்லிம் பையன்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவர்கள் தெருவரைக்கும் கூடவே நடந்து போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். சுட்டவன் இந்து என்று வானொலியில் சொன்ன செய்தி ஊருக்குள் பரவிய பிறகுதான் அவர் ராத்திரி சாப்பிட்டாராம். அந்த டிரில் மாஸ்டரின் பெயர் பள்ளியில் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் மட்டும் மின்விசிறி இறக்கை வரைக்கும் இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. போன மாதம் நடந்த கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் "அந்தக் காலம் பொற்காலம்" என்று ஒரே ராகம் பாடினீர்கள். அப்படியானால் அந்தப் போட்டோவில் எத்தனை பெண் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட இல்லை. வகுப்பில் இரண்டு பேர் படித்தார்கள். வாத்தியார் உள்ளே வரும்போது அவர் பின்னாலேயே வந்து தனி பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியேறிவிடுவார்கள், பையன்களோடு நின்று படம் பிடிக்க வீட்டில் விடவில்லை. ஒருவர் பரீட்சைக்கே வரவில்லை, தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது.

தண்ணீர்ப் பானை விஷயமும் உண்டு. பானையில் கை வைக்கக்கூடாத பையன்கள் இருந்தார்கள், இன்னொருவன் மேலே இருந்து ஊற்றக் கையை ஏந்திக் குடிக்க வேண்டும். இது எங்கோ நடந்ததில்லை, நம் ராமநாதபுரம் ஜில்லாவில் 1930லும் 1931லும் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள், தாழ்த்தப்பட்டவர்கள் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது, நகை போடக்கூடாது, பிள்ளைகள் படிக்கவே கூடாது என்று. பதினாறு வருஷம் கழித்து, அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து ஒரு பையன் சட்டை போட்டுக்கொண்டு ஆறாம் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறான், போட்டோவில் கடைசி வரிசையில் வலது ஓரத்தில் நிற்கிறான். என் கணக்கில் நம் பள்ளி நூறு வருஷத்தில் செய்த பெரிய காரியம் அதுதான். அவர் பிற்பாடு தபால் இலாகாவில் வேலை பார்த்ததாகக் கேள்வி. குடும்பம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க உங்களால்தான் முடியும், அட்மிஷன் ரிஜிஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த ரிஜிஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பனார் பெயர், தொழில், ஊர், எந்தப் பள்ளியிலிருந்து வந்தான், பள்ளிச் சம்பளம் முழுசா அரையா, எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள், வகுப்பில் பாதிப் பேர் ஜூன், ஜூலையில்தான் பிறந்திருப்பார்கள், எல்லாம் வாத்தியார் போட்ட தேதி! போன முறை வெள்ளையடித்தபோது பழைய ரிஜிஸ்டர்கள் சைக்கிள் ஷெட்டில் சாக்கில் கட்டிக் கிடந்ததை நானே பார்த்தேன். மலருக்கு முன்னால் அதை எடுத்து, தட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடியுங்கள்.

மூத்தவர்களிடம் எழுதி வாங்காதீர்கள், நேரில் போய் உட்காருங்கள். "உங்கள் பள்ளி வாழ்க்கை பற்றி" என்று ஆரம்பித்தால் குருபக்தி பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மத்தியானத் தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள், ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் உடைத்துக் கஞ்சி காய்ச்சிய கதை வரும். துணி கண்ட்ரோல் காலத்தில் எத்தனை சட்டை இருந்தது, சீமெண்ணெய் கிடைக்காதபோது எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், செலக்ஷன் பரீட்சையில் யார் யாரை நிறுத்திவைத்தார்கள், ஓட்டைக் காலணாவுக்குக் கடையில் என்ன கிடைத்தது, இப்படிக் கேளுங்கள். ரிசல்ட் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்குப் பெரியப்பா, பேப்பரில் வந்த நம்பர்களை ஒரு தாளில் எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள், அவர் பஸ் படிக்கட்டில் நின்றபடியே உரக்கப் படித்தார் என்றார். 'எலிஜிபிள்' ஆனவர்களுக்கு, அதாவது காலேஜில் சேரத் தகுதி பெற்றவர்களுக்கு, அதுவரை மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சிதம்பரம் என்று வெளியூரில்தான் காலேஜ். இவர்களுக்குத்தான் 1947ல் காரைக்குடியிலேயே அழகப்பர் கல்லூரி தொடங்கியிருந்தது. அதே 1948 ஜூலையில் நேரு மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட வந்தபோது அந்த வகுப்பில் பாதிப் பேர் காரைக்குடிக்கு நடந்தே போனார்களாம். பெரியப்பா மட்டும் போகவில்லை, அதற்குள் இளையான்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்தக் குரூப் போட்டோவை ஒரு முழுப்பக்கத்தில் போடுங்கள், எதிர்ப்பக்கத்தில் பெயர்களைப் போடுங்கள், தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்றே போடுங்கள், யாராவது பார்த்துச் சொல்வார்கள். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பியூன் பெயரையும் சேர்த்து. நினைவுகளுக்கு இரண்டு பக்கத்தை இருபதாக்குங்கள். பேட்டி எடுத்து டைப் அடித்துத் தருவது என் பொறுப்பு. விளம்பர வருமானம் குறையும் என்று பொருளாளர் சொன்னால், ஒரு முழுப்பக்கக் கட்டணம் நான் கட்டுகிறேன், அதில் என் படம் வேண்டாம், டிரில் மாஸ்டர் படம் கிடைத்தால் போடுங்கள். மலர் வேலை பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்கிறீர்கள், பெரியப்பா காலை பத்து மணிக்கு மேல் நன்றாகப் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை யாராவது இரண்டு பேர் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்