பம்பரத்தில் இரண்டு ‘ப’

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியில் ப வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று, இது நம் மொழியின் குறை என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒன்றில் படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். என் அனுபவம் வேறு.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வுக்கு உதடு மூடியிருக்கும்போது தொண்டை அதிராது. இரண்டாவது ‘ப’வில், ‘ம்’ கிளப்பிய அதிர்வு அப்படியே தொடரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆனால் எது எங்கே வரும் என்பதில் குழப்பமில்லை. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அதிர்வு கிடையாது. மெல்லினத்துக்குப் பின்னால் உண்டு. ‘பாட்டு’, ‘பாடு’ இரண்டிலும் டகரத்தைக் கவனியுங்கள், முன்னதில் அதிர்வில்லை, உயிரொலிகளுக்கு நடுவில் வரும் பின்னதில் உண்டு. ‘மகன்’ என்னும்போது ககரம் ஏறக்குறைய ‘ஹ’வாகவே இழைந்துவிடுகிறது. இடமே ஒலியைச் சொல்லிவிடும்போது தனி எழுத்து எதற்கு? ஓர் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலி), அதன் மாற்றொலிகள் (இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்கள்) என்று மொழியியலார் சொல்வது இதைத்தான்.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடன்சொற்கள் இந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டன. இரக்கப்பட்டுச் சொல்லும் ‘பாவம்’ வேறு, நாட்டியத்தில் முகத்தில் காட்டும் ‘பாவம்’ வேறு, இது தொடக்கத்திலேயே அதிர்கிறது. பஸ், பீடி எல்லாம் அப்படித்தான். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே திணறத்தான் செய்வார்கள்.

ஆனால் அதிகம் திணறுவது வேறு இடத்தில். என்னிடம் படிக்கும் பீகார்ச் சிறுமி ஒருத்திக்கு வலி, வளி, வழி மூன்றும் காதில் ஒன்றாகவே விழுந்தன. நான் சலித்துக்கொண்டபோது, இந்தியில் இரண்டு சொற்களைச் சொல்லிக் காட்டினாள். ஒன்றுக்குக் கணப்பொழுது என்று பொருள், மற்றதற்குப் பழம். எனக்கு இரண்டுமே ‘பல்’ என்றுதான் கேட்டது. என் கையைப் பிடித்துத் தன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். பழத்துக்கு மட்டும் உள்ளங்கையில் ‘பக்’கென்று காற்று அடித்தது! அவள் மொழியில் அந்த மூச்சுக்காற்று பொருளையே மாற்றுகிறது. நம் மொழியில் மாற்றுவதில்லை, அதனால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. ல, ள, ழ சொல்லும்போது நாக்கை எங்கே மடிக்கிறோம் என்பது நமக்கு உயிர். அவளுக்கு அது இதுவரை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ‘தம்பி’யை அதிர்வில்லாத ‘ப’வோடு படிக்கும் பிள்ளைகளிடம், கேட்டுக் கேட்டுப் பழகு என்று சொல்லி விட்டுவிடுவேன். அது தப்பு. ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழ் கற்பிக்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். புதிதாக வரும் பிள்ளைக்கு எழுத்து அட்டையை நீட்டுவதற்கு முன்னால், தொண்டையில் விரல் வைத்துப் பம்பரம் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்,
திருப்பூர்.